ரோசன்ஹைமில் இறக்கப்பட்டவள்

பீலெஃபெல்ட்
ஜெர்மனி
24.03.2025

அன்புள்ள தக்சாக்கா,

இந்தக் கடிதம் உங்கடை கைக்கு வருமோ தெரியாது. தடுப்பு முகாமின்ரை விலாசத்தை உங்கடை லோயர்தான் தந்தவ. கமரா இருக்கிற போன் உள்ளை விடமாட்டினம் எண்டு உங்கடை போனை வாங்கி வைச்சிருக்கினமாம். அங்கை இருக்கிற ரெலிபோனுக்கு எடுத்துப் பாத்தன். ஒவ்வொருக்காலும் வேறை ஆரோ எடுத்து எனக்கு விளங்காத பாசையிலை கதைச்சிட்டு வைக்கினம். அதாலை எழுதிறன். டொச்சிலை எழுதினால் அங்கை வேலை செய்யிற ஆக்கள் வாசிப்பினம், தமிழிலை எழுது எண்டு அப்பா சொன்னவர். என்ரை தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ்தானே, பிழை இருந்தால் சிரிக்காதேங்கோ.

எப்பிடி இருக்கிறீங்கள் எண்டு எழுதிப்போட்டுப் பாத்தால் அது ஒரு விசர்க் கேள்வியா இருக்கு. ஆனால் வேறை என்ன எண்டு தொடங்கிறது?

ரெயினிலை உங்களைப் பிடிச்ச அடுத்த நாள் நானும் நிசாந்தும் லேனாவும் வீடு வந்து சேந்தம். லேனா தன்ரை தாய் தேப்பனிட்டைப் போட்டாள். நிசாந் எசனுக்குப் போட்டான். "நாங்கள் எல்லாரும் இறங்கி நிண்டிருக்கவேணும்" எண்டு திரும்பத் திரும்ப அதைத்தான் மெசேச் போடுறான். பொலிஸ் உங்களைக் கூட்டிக்கொண்டு போச்சுது, என்ரை பேரையும் விலாசத்தையும் எழுதினவை, நீங்கள் போகலாம், கடிதம் வரும் எண்டு சொன்னவை. நான் ஸ்ரேசனிலை நிண்டு அப்பாவுக்கு எடுத்தன். "முதல்லை நீ வீட்டை வா" எண்டவர். பின்னேரம் உங்களை விட்டிடுவினம், அடுத்த ரெயினிலை வருவீங்கள் எண்டுதான் நான் நினைச்சன். சத்தியமா அப்பிடித்தான் நினைச்சன்.

வீட்டிலை ஆரும் கனக்கக் கதைக்கிறேல்லை. அம்மா வேலைக்குப் போறா. நீங்கள் நேர்சுக்குப் படிக்கிற அதே முதியோர் இல்லம்தானே, அம்மான்ரை சமையலறையிலை எல்லாரும் உங்களைத்தான் கேக்கினமாம், அந்தப் பிள்ளை லீவு முடிஞ்சும் ஏன் வரேல்லை எண்டு. அம்மா சுகமில்லை எண்டு சொல்லியிருக்கிறா. எங்கடை சுஜானி அக்காவுக்கும் பொலிசிலை இருந்து கடிதம் வந்திருக்கு. அவவின்ரை அடையாள அட்டை உங்கடை கைக்கு எப்பிடி வந்தது எண்டு கேட்டு. அவ அண்டையிலை இருந்து சரியாச் சாப்பிடேல்லை. சம்மரிலை அவவுக்கு நிரந்தர ஆசிரியர் நியமனம் வரவேணும், உங்களுக்குத் தெரியும்தானே.

உங்கடை பை எங்களிட்டை இருக்கு. உடுப்பெல்லாம் தோய்ச்சு மடிச்சு வைச்சிருக்கிறன். அனுப்பவோ, வரேக்கை எடுக்கிறீங்களோ?

அன்புடன்
சுபானி


31.03.2025

சுபா,

உன்ரை கடிதம் வந்தது. வந்த அண்டைக்கு வாசிக்கேல்லை. தலாணிக்குக் கீழை வைச்சிட்டுப் படுத்திட்டன்.

இங்கை நல்லாத்தான் வைச்சிருக்கினம். அடிக்கிறேல்லை, ஏசிறேல்லை, நேரத்துக்குச் சாப்பாடு வரும். கதவுக்கு உள்பக்கம் கைபிடி இல்லை, அவ்வளவுதான். என்னோடை இருக்கிறது ஜோர்ஜியாவிலை இருந்து வந்த ஒரு மனிசி. தன்ரை பிள்ளையின்ரை பேரைச் சொல்லிச் சொல்லிச் சுவரைத் தடவிக்கொண்டு இருப்பா. அவவுக்குப் பிறசர். நான்தான் கையைப் பிடிச்சு நாடி பாக்கிறன், பிறசர் பாக்கிற மிசின் கேட்டால் தருகினமில்லை.

பொலிஸ் உங்களைக் கூட்டிக்கொண்டு போச்சுது எண்டு எழுதியிருக்கிறாய். ஏதோ மழை வந்தது எண்டு சொல்லுற மாதிரி. நடந்ததை நான் எழுதிறன்.

பிராக், வியன்னா, வெனிஸ் எண்டு இந்தப் பயணத்துக்கு என்னைக் கூப்பிட்டது நீ. உங்களுக்கு யுனியிலை செமஸ்ரர் லீவு, நாலு பேர் எண்டால் அறை மலிவு எண்டனீ. எனக்கு டுல்டுங் எண்டு உனக்குத் தெரியும். அகதியா வந்து கேட்ட அசைலம் நிராகரிச்ச ஆக்களை உடனை திருப்பி அனுப்பாமல், படிப்பை முடிக்கட்டும் எண்டு விட்டு வைச்சிருக்கிற கடுதாசி அது. ஜெர்மனியை விட்டு ஒரு காலடி வெளியிலை வைச்சால் அந்தக் கடுதாசி செல்லாது எண்டு உங்கடை சமையலறை மேசையிலை இருந்து நான்தான் உங்களுக்கு விளங்கப்படுத்தினனான். உன்ரை அம்மா, அன்ரி, தோசை சுட்டுக்கொண்டு நிண்டவ. அப்பதான் சுஜானி எழும்பிப் போய்த் தன்ரை அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னாலை வைச்சவ. "இந்த வெள்ளைக்காரங்களுக்கு எங்கடை முகம் எல்லாம் ஒண்டுதான்" எண்டவ. எல்லாரும் சிரிச்சம். நானும் சிரிச்சனான்.

நான் ஒண்டும் தெரியாத குழந்தை இல்லை. ஆசைப்பட்டுத்தான் வந்தனான். வந்த நாளிலை இருந்து எனக்கு இந்த நாட்டிலை தெரிஞ்சது அசைலம் முகாமும் வயசு போன ஆக்களின்ரை கட்டிலும்தான். பிராக்கிலை பாலத்துக்கு மேலை காத்து அடிச்சு லேனான்ரை தொப்பி பறக்க, நிசாந் அதைப் பிடிக்க ஓடி, ஆரோ ஒரு குடும்பம் படம் எடுக்கேக்கை நடுவிலை போய் விழுந்தானே. வயிறு நோகச் சிரிச்சன். அதுக்கு முதல் எப்ப அப்பிடிச் சிரிச்சனான் எண்டு இங்கை கிடந்து யோசிச்சுப் பாக்கிறன். நினைவு வரேல்லை.

வியன்னா ஸ்ரேசனிலை பொலிஸ் நிண்டு ஆக்களின்ரை கடுதாசி பாத்ததைக் கண்டாப்பிறகு உன்னை ஒரு தூணுக்குப் பின்னாலை இழுத்துக்கொண்டு போனன். "வெனிஸ் வேண்டாம், இங்கையிருந்தே திரும்புவம்" எண்டு உன்னைக் கேட்டன். ரிக்கற் எடுத்தாச்சு எண்டாய். பேந்தும் கேட்க, "நீங்கள் பயந்து பயந்து எங்கடை லீவைப் பழுதாக்காதேங்கோ" எண்டு லேனாவுக்கும் நிசாந்துக்கும் முன்னாலை சொன்னாய். வெனிஸிலை ஒரு நாள் முழுக்க நான் உன்னோடை கதைக்கேல்லை. நீங்கள் படகிலை சுத்தேக்கை நான் ஒரு மாதா கோயில் படியிலை இருந்து தண்ணியைப் பாத்துக்கொண்டு இருந்தன். வடிவான இடம்தான். அதையும் சொல்லத்தான் வேணும்.

திரும்பி வரேக்கை, ஜெர்மன் எல்லையிலை ரெயினுக்குள்ளை வந்த பொலிஸ் பெடியனுக்கு உன்ரை வயசு இருக்கும். மரியாதையாத்தான் கேட்டவன். அட்டையைத் திருப்பிப் பாத்திட்டு என்னை எழும்பி நிக்கச் சொன்னவன். அதிலை சுஜானியின்ரை உயரம் எழுதியிருக்கு. நான் அவன்ரை தோள்மட்டுக்குத்தான் நிண்டன். இவ உங்கடை அக்காவோ எண்டு உன்னைக் கேட்டவன். நீ ஓம் எண்டாய். அந்த ஓம் எனக்கு எவ்வளவு ஆறுதலா இருந்தது எண்டு உனக்குத் தெரியாது. பிறகு ஒரு தாளிலை கையெழுத்துப் போடச் சொன்னவன். அட்டையிலை இருக்கிற கையெழுத்து எனக்கு வரேல்லை. அதோடை முடிஞ்சுது. என்ரை உண்மையான பேரைச் சொன்னன்.

ரோசன்ஹைம் ஸ்ரேசனிலை என்னை இறக்கி இருத்தி வைச்ச அறையிலை ஒரு ஜன்னல் இருந்தது. நீ மேடையிலை நிண்டு ரெலிபோன் கதைக்கிறதைப் பாத்தன். பிறகு நீ ஏறினதையும் பாத்தன்.

சரி, அது போகட்டும். இப்ப முக்கியமான விசயம். லோயர் சொல்லுறா, அட்டையை நான் களவெடுக்கேல்லை, நீங்கள் விரும்பித் தந்தது, ஒரு பயணம் போய்த் திரும்பி வரத்தான் தந்தது எண்டு நீயும் சுஜானியும் சொன்னால் என்ரை குற்றம் சின்னனாகுமாம். சின்னனாப் போனால் படிப்பை முடிக்க விடச் சொல்லித் திரும்ப ஒரு விண்ணப்பம் போட்டுப் பாக்கலாமாம். கட்டாயம் கிடைக்கும் எண்டு சொல்லேல்லை. கிடைக்கலாம் எண்டவ. இல்லத்திலை என்ரை பொறுப்பாளர் எனக்காக ஒரு கடிதம் குடுத்திருக்கிறா. உங்களிட்டைக் கேக்கிறது உண்மையைத்தான். கெதியாச் சொல்லுங்கோ.

தக்சாயினி


பீலெஃபெல்ட்
06.04.2025

அன்பு மகள் தக்சாயினிக்கு,

நலம், நலமறிய ஆவல். உமது நிலையை எண்ணி எமது குடும்பம் மிகவும் வேதனையடைகிறது. நீர் எமது வீட்டில் ஒரு பிள்ளையாகப் பழகியவர். அதனால் உரிமையோடு எழுதுகிறோம். சுஜானியின் அட்டை மேசை லாச்சியில் இருந்தது என்றும், நீர் அதை ஒருவரும் அறியாமல் எடுத்தீர் என்றும், ரெயினில் வைத்துச் சுபானியிடம் அக்கா என்று சொல்லும்படி கெஞ்சினீர் என்றும் சொல்வீராயின் இரண்டு பிள்ளைகளின் எதிர்காலம் காப்பாற்றப்படும். உமது வழக்கு எப்படியும் கடினமானது என்று விசயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். உமது தாயாருக்கு எம்மால் ஆன உதவியை நாம் என்றும் செய்வோம்.

தக்சாக்கா, மேலை இருக்கிறது அப்பா பக்கத்திலை இருந்து சொல்லச் சொல்ல நான் எழுதினது. இப்ப அவர் வேலைக்குப் போட்டார். இதைக் கிழிச்சுப்போட்டு வேறை எழுதுவம் எண்டு இருந்தன். கிழிக்கேல்லை.

அப்பாவைக் கெட்டவர் எண்டு நினையாதேங்கோ. அவர் பயந்துபோனார். அந்தக் காலத்துக் கிழக்கு ஜெர்மனியிலை, ஷோனெஃபெல்ட்டிலை பிளேனாலை வந்து இறங்கி, மேற்குப் பக்கத்துக்கு ரெயினேறி அகதியா வந்த நாளிலை இருந்து அவருக்குப் பொலிஸ் கடிதம் ஒண்டும் வந்ததில்லையாம். கார் நிப்பாட்டினதுக்குக்கூடத் தண்டம் கட்டாத மனிசன். இப்ப தபால்காரன்ரை சத்தம் கேட்டால் எழும்பி நிக்கிறார். அக்காவுக்குக் குற்றப் பதிவு வந்தால் அரசாங்கப் பள்ளிக்கூடத்திலை வேலை இல்லை எண்டு ஆரோ சொல்லிப்போட்டினம். அவ படிச்ச வரியமெல்லாம் வீண் எண்டு அறைக்குள்ளை கிடக்கிறா. எனக்கும் யுனியிலை என்ன நடக்குமோ தெரியாது.

அப்பா கேக்கிறது பிழை எண்டு உங்களுக்கு எழுதத்தான் பேனையை எடுத்தன். ஆனால் நான் அப்பிடி எழுதினாப்பிறகு என்ன செய்யவேணும் எண்டு யோசிச்சன். பொலிசுக்குப் போகவேணும். போய் என்ரை அக்காவைக் காட்டிக் குடுக்கவேணும். அது எனக்கு ஏலாமல் கிடக்கு.

நான் உங்களிட்டை ஒண்டும் கேக்கேல்லை. நீங்கள் எது சரியெண்டு நினைக்கிறீங்களோ அதைச் செய்யுங்கோ.

இல்லை, நானும் கேக்கிறன். கேக்கேல்லை எண்டு எழுதினால் அது பொய்.

வியன்னாவிலை நான் உங்களோடை கோவிச்சதுக்கு மன்னிச்சுக் கொள்ளுங்கோ.

சுபானி


17.04.2025

சுபா,

அன்ரி வந்தவ. உனக்குச் சொன்னவவோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை, தனிய. இவ்வளவு தூரம் மாறி மாறி ரெயினேறி வந்திருக்கிறா. டொச் வாசிக்கக் கஸ்ரப்படுற மனிசி எங்கை மாறிறது எண்டு எப்பிடிக் கண்டுபிடிச்சாவோ. இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்தவவாம். வாசலிலை உள்ளை விடேல்லை. "ஊசிப்போகப்போகுது பிள்ளை" எண்டு அதைத்தான் முதல் சொன்னவ.

ஒரு மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. என்ரை கை ரெண்டையும் பிடிச்சுக்கொண்டு, மெலிஞ்சு போனாய் எண்டவ. இல்லத்திலை ஆர் ஆர் என்னைக் கேட்டது எண்டு சொன்னவ. நான் குளிப்பாட்டுற ஒரு கிழவி செத்துப்போனாவாம், கடைசி நாளிலை என்ரை பேரைச் சொன்னவவாம். உன்னைப்பற்றி, சுஜானியைப்பற்றி ஒரு கதையும் எடுக்கேல்லை. நேரம் முடியுது எண்டு காவல்காரி வந்து சொன்னாப்பிறகுதான் என்ரை முகத்தைப் பாத்தவ.

"நீ எப்பிடியும் போகத்தான் போறாய் பிள்ளை. என்ரை பிள்ளைக்காவது இங்கை ஒரு வாழ்க்கை இருக்கட்டும்."

அழேல்லை. அழுதிருந்தால் நான் மாட்டன் எண்டு சொல்லியிருப்பன். கறிக்கு உப்புக் காணுமோ எண்டு கேக்கிற குரலிலை சொன்னவ. எனக்கு அவவிலை கோவம் வரேல்லை, அதுதான் எனக்கே விளங்கேல்லை. அண்டைக்குச் சமையலறையிலை அட்டையை மேசையிலை வைக்கேக்கை அவவும்தான் நிண்டவ. நடந்தது என்ன எண்டு எங்கள் எல்லாரையும்விட அவவுக்கு வடிவாத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் வந்தவ.

நான் அறைக்குத் திரும்பி வந்து யோசிச்சன். லோயர் ஒருத்தி. இல்லத்திலை பொறுப்பாளர் ஒருத்தி. ரெண்டு பேரும் வெள்ளைக்காரியள். எனக்காகக் கதைக்க இந்த நாட்டிலை வேறை ஆர்? உங்கடை வீட்டிலை நான் சாப்பிட்ட சாப்பாட்டை நினைச்சுத்தான் உங்களை என்ரை ஆக்கள் எண்டு எண்ணியிருந்தன். நீங்களே நான் போகத்தான் போறன் எண்டு முடிவெடுத்திட்டால், நீதவான் மட்டும் என்ன சொல்லப்போறார்?

செவ்வாய்க்கிழமை வாக்குமூலம் குடுத்திட்டன். அங்கிள் எழுதின மாதிரியே சொன்னன். லாச்சியிலை இருந்து எடுத்தன், ஒருத்தருக்கும் தெரியாது, ரெயினிலை சுபானியைக் கெஞ்சினன். மொழிபெயர்க்க வந்தவர் எங்கடை ஆள், வாசுதேவன் எண்டு பேர். சொல்லுறதை நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ தங்கச்சி எண்டவர். லோயர் கோவத்திலை கொப்பியை மூடிப்போட்டு, உன்னை ஆரும் வெருட்டினவையோ எண்டு திரும்பத் திரும்பக் கேட்டவ. இல்லை எண்டன். இனிச் செய்யிறதுக்குக் கனக்க இல்லை எண்டு சொல்லிப்போட்டுப் போட்டா.

சுஜானியை நிம்மதியாச் சாப்பிடச் சொல்லு. என்ரை பையை ஆருக்காவது குடு. இனி எனக்கு எழுதாதை.

தக்சாயினி


எசன்
04.05.2025

தக்சாக்கா,

எழுதாதை எண்டு சொன்னீங்கள். எழுதிறன். கிளிநொச்சியிலை உங்கடை அம்மாவின்ரை விலாசம் லோயரிட்டை இருந்தது.

உங்கடை கடிதம் வரேக்கை நான் வீட்டிலை இல்லை. ஈஸ்ரர் லீவுக்கு லேனா வீட்டை போயிருந்தன். திரும்பி வந்து பாத்தால் என்ரை மேசையிலை இருந்தது. வாசிச்சுப்போட்டு அப்பிடியே சமையலறைக்குப் போனன். அம்மா லீக்ஸ் வெட்டிக்கொண்டு நிண்டவ. நீங்கள் தக்சாக்காட்டைப் போனனீங்களோ எண்டு கேட்டன். "ஓம், போனனான்" எண்டவ. என்னைப் பாக்கேல்லை. வெட்டி முடிச்சு, கழுவி, அடுப்பிலை போட்டவ. நான் கத்தினன். அப்பா வந்து என்னை அறைக்குப் போகச் சொன்னவர். "நீ இப்ப கத்துறாய். நாளைக்கு உன்ரை அக்கா வேலையில்லாமல் இந்த வீட்டுக்குள்ளை இருக்கேக்கை நீ என்ன செய்வாய்?" எண்டு கேட்டவர். நான் அறைக்குப் போய் நிசாந்துக்கு எடுத்தன்.

அடுத்த நாள் நிசாந் எசனிலை இருந்து காரிலை வந்தவன். முதல் பொலிசுக்குப் போனம். எல்லாத்தையும் சொன்னன். அட்டையைத் தந்தது ஆர், வைச்சுச் சிரிச்சது ஆர், அக்கா எண்டு சொன்னது ஆர். ஒரு பொம்பிளைதான் எழுதினவ. இதை ஏன் முதலே சொல்லேல்லை எண்டு கேட்டவ. பயம் எண்டன். அவ அதையும் எழுதினவ. நிசாந்தும் தான் கண்டதைச் சொன்னவன்.

அங்கையிருந்து லோயருக்கு ரெலிபோன் எடுத்தம். முகாமுக்குப் போங்கோ, நான் நீதிமன்றத்துக்கு எழுதிறன் எண்டவ. நிசாந் காரை எங்கையும் நிப்பாட்டாமல் ஓடினவன். வாசலிலை இருந்த காவல்காரன் கொம்பியூட்டரைப் பாத்திட்டு உங்கடை பேரை எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டவன். சொல்லிக் குடுத்தன். அண்டைக்குக் காலமைதான் பிராங்பேட் எயார்போட்டுக்குக் கொண்டுபோனவையாம். நாங்கள் பொலிசிலை இருந்து கதைச்சுக்கொண்டு இருக்கேக்கை நீங்கள் பிளேனுக்குள்ளை இருந்திருக்கிறீங்கள்.

அந்த வாசலிலை ஒரு பஸ் தரிப்பு இருக்கு. அதிலை இருந்தம். நிசாந் அழுதவன். எனக்கு அழுகை வரேல்லை. அம்மா இடியப்பத்தை எங்கை கொட்டினவ எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தன்.

இப்ப நான் எசனிலை, நிசாந்தின்ரை அக்கா வீட்டிலை இருக்கிறன். அப்பா என்ரை சாமானை ரெண்டு பெட்டியிலை கட்டி வாசலிலை வைச்சிட்டார். சுஜானி அக்கா மெசேச் போட்டவ. "உனக்குத் திருப்தியோ?" எண்டு மட்டும்.

லோயர் வழக்கைத் திரும்பப் பாக்கச் சொல்லிக் கேக்கிறா. நான் சொன்னது உங்களுக்கு உதவும் எண்டவ. எப்ப எண்டு சொல்லேல்லை.

பதில் போடுங்கோ. ஏசியெண்டாலும் போடுங்கோ.

சுபானி


கிளிநொச்சி
15.06.2025

சுபா,

லோயரும் எழுதியிருந்தா. நீ போய்ச் சொன்னது எழுத்திலை இருக்காம். என்ரை பேரிலை களவு எண்டு இருந்ததை எடுத்திடுவினமாம். ஆனால் நாடு கடத்தினது கடத்தினதுதான். திரும்பி வரக்கூடாது எண்டு போட்ட தடையைக் குறைக்கக் கேக்கலாம், அதுக்கும் வரியக்கணக்கு ஆகும் எண்டா. நான் இங்கை இருந்துகொண்டு அதை அம்மாவுக்கு விளங்கப்படுத்தினன். அம்மா கேட்டுப்போட்டு, அப்ப நீ அந்த நேர்ஸ் பரீட்சை எழுதேல்லையோ எண்டு கேட்டவ. அடுத்த வரியம் நான் நேர்ஸ் எண்டு ஊரெல்லாம் சொல்லி வைச்சிருக்கிறா.

பிளேனிலை ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் இருந்து கொண்டுவந்தவை. ஒருத்தி தன்ரை மகளுக்குக் காலுக்குப் போடுற மேசு பின்னிக்கொண்டு வந்தவ. கொழும்பிலை இறங்கினாப்பிறகு வேறை ஆக்கள், இங்கத்தைப் புலனாய்வுக்காரர், கூட்டிக்கொண்டு போய் ஒரு அறையிலை இருத்தினவை. அங்கை ஆரோடை பழகினனீ, எந்தக் கூட்டத்துக்குப் போனனீ, ஆர் காசு குடுத்தது எண்டு கேட்டவை. பின்னேரம் விட்டவை. கூப்பிட்டால் வரவேணும் எண்டு எழுதி வாங்கினவை.

எங்கடை அண்ணாவைப்பற்றி உனக்கு ஒருநாளும் நான் வடிவாச் சொல்லேல்லை. சேயோன் எண்டு பேர். என்னைவிட ஆறு வயசு கூட. நான் ஜெர்மனிக்கு வெளிக்கிட முதல் அவரை விசாரணைக்கு எண்டு கூட்டிக்கொண்டு போனவை. கன நாள் கழிச்சு விட்டவை. அதுக்குப் பிறகு என்னையும் தேடி வரத் தொடங்கத்தான் அம்மா காணியை வித்து என்னை அனுப்பினவ. அசைலம் விசாரணையிலை இதைத்தான் சொன்னனான். ஆதாரம் காணாது எண்டவை. அண்ணா இப்பவும் வாசலுக்கு முதுகு காட்டி இருக்கமாட்டார். மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் சாப்பிட்ட கையோடை எழும்பிக் கிணத்தடிக்குப் போவார். நான் திரும்பி வந்ததிலை அவருக்குச் சந்தோசமோ எண்டு தெரியாது. நான் வந்த அண்டைக்கு என்ரை கட்டிலுக்கு நுளம்பு வலை கட்டிவிட்டவர்.

இங்கை ஒரு தனியார் கிளினிக்கிலை வேலைக்குப் போறன். கலாதேவி எண்டு ஒரு டொக்டர் நடத்திறா. ஜெர்மனியிலை படிச்சன் எண்டால் சேட்டிபிக்கற் எங்கை எண்டு கேட்டவ. இல்லை எண்டன். கூட்டித் துடைக்கிறதும் ஆக்களை வரிசையிலை இருத்திறதும் என்ரை வேலை. சில நேரம் புண் கட்ட விடுவா.

நீ வீட்டை விட்டு வெளிக்கிட்டது எனக்காக எண்டு நினைக்காதை. அந்தப் பாரத்தையும் எனக்குத் தராதை. உன்ரை அம்மாவோடை கதை.

தக்சாயினி


எசன்
21.09.2025

தக்சாக்கா,

உங்களுக்கு இதைச் சொல்லாமல் விடுவம் எண்டுதான் நினைச்சன். பிறகு, வேறை ஆரும் சொல்லி நீங்கள் அறியக்கூடாது எண்டு எழுதிறன்.

எங்கடை வழக்கு முடிஞ்சுது. நீதிமன்றத்துக்குக்கூடப் போகேல்லை. தபாலிலை ஒரு கடுதாசி வந்தது. எனக்கும் சுஜானி அக்காவுக்கும் தண்டம். கட்டினால் சரி. சின்னத் தண்டம் எண்டபடியால் வேலைக்குக் குடுக்கிற நன்னடத்தைப் பத்திரத்திலை அது வராதாம். அக்கா பயந்து பயந்து தன்ரை பள்ளிக்கூட அதிபரிட்டைப் போய்த் தானே சொல்லியிருக்கிறா. அவர் எல்லாத்தையும் கேட்டுப்போட்டு, இளம் வயசிலை செய்யிற மடத்தனம் எண்டவராம். ஓகஸ்ற்றிலை நியமனம் குடுத்தாச்சு. வீட்டிலை கேக் வெட்டினவை. அம்மா எனக்குப் படம் அனுப்பினவ. படத்திலை அப்பா சிரிக்கிறார்.

இவ்வளவுதான் நடந்தது தக்சாக்கா. வீடே இடிஞ்சு விழப்போகுது எண்டு நாங்கள் நடுங்கின விசயம் இவ்வளவுதான். அந்தக் கடுதாசியை நான் பாத்ரூமிலை இருந்து வாசிச்சன். பிறகு தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் அங்கையே இருந்தன்.

அம்மாவோடை கதைக்கிறன். ரெலிபோனிலை. சாப்பிட்டியோ எண்டு கேப்பா, ஓம் எண்டுவன். உங்கடை பேரை அவ சொல்லுறேல்லை. போன கிழமை மட்டும், "அந்தப் பிள்ளைக்கு ஏதும் அனுப்புவமோ?" எண்டு கேட்டவ. நான் போனை வைச்சிட்டன்.

நானும் நிசாந்தும் யோசிச்சுக்கொண்டு இருக்கிறம். பெப்ரவரியிலை செமஸ்ரர் முடிய லீவு வருது. கிளிநொச்சிக்கு வாறம். ரிக்கற் பாத்திட்டம். உங்கடை வீட்டிலை தங்க விடவேணும் எண்டில்லை, யாழ்ப்பாணத்திலை அறை எடுப்பம். உங்களை நேரிலை பாத்து நான் கதைக்கவேணும். கடிதத்திலை என்னாலை ஏலாது. ஓம் எண்டு ஒரு சொல்லு எழுதுங்கோ, காணும்.

சுபானி


கிளிநொச்சி
19.10.2025

சுபா,

இந்தக் கடிதத்தைக் கலாதேவி டொக்டர் கொழும்புக்குப் போகேக்கை குடுத்து விடுறன். அவ அங்கை தபாலிலை போடுவா. உன்ரை கடிதம் எனக்கு வரேக்கை உறை பிரிச்சுத் திரும்ப ஒட்டியிருந்தது.

அது வந்து ரெண்டு நாளிலை அவை வந்தவை. ரெண்டு பேர், சாதாரண உடுப்பு. ஜெர்மனியிலை இருந்து ஆர் எழுதிறது, ஏன் எழுதிறது, பெப்ரவரியிலை ஆர் வருகினம் எண்டு கேட்டவை. சினேகிதி எண்டன். என்ன சினேகிதி எண்டவை. என்ரை போனை வாங்கிக்கொண்டு போட்டினம், இன்னும் தரேல்லை. அம்மா அவைக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தவ. அவை குடிச்சு முடிக்குமட்டும் பக்கத்திலையே நிண்டவ. அண்ணா அண்டைக்குப் போனவர் அடுத்த நாள் மத்தியானம்தான் வயல் பக்கத்தாலை வந்தவர். கால் முழுக்கச் சேறு. கிணத்தடியிலை காலைக் கழுவிப்போட்டு, திரும்பவும் வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தவர்.

தண்டம் கட்டினதோடை முடிஞ்சுது எண்டு எழுதியிருந்தாய். ரெண்டு தரம் வாசிச்சன். பிறகு கிளினிக்குக்கு நேரம் போட்டுது எண்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன். போற வழியிலை இறங்கி நிண்டன். கோவம் எண்டு சொல்ல ஏலாது. என்ரை வாழ்க்கையின்ரை விலை என்ன எண்டு ஆரோ சொல்லிப்போட்டுப் போன மாதிரி இருந்தது. சுஜானியிலை எனக்கு எரிச்சல் இல்லை. அவ நல்லாப் படிப்பிப்பா. உன்ரை அம்மாவுக்கு, ஒண்டும் அனுப்பவேண்டாம் எண்டு சொல்லு.

உன்னிலை கோவம் இல்லை எண்டு எழுதினால் அது பொய். ஆனால் நீ பொலிசுக்குப் போனாய். பிந்திப் போனாய், ஆனாலும் போனாய். உங்கடை வீட்டிலை வேறை ஒருத்தரும் போகேல்லை. அதை நான் மறக்கேல்லை.

இப்ப நான் சொல்லுறதை வடிவாக் கேள். நீ வராதை. யாழ்ப்பாணத்திலை அறை எடுக்கிறன் எண்டும் வராதை. கொழும்பிலை நிண்டு என்னைக் கூப்பிடவும் வேண்டாம். நீ வருவாய், என்னைக் கட்டிப்பிடிச்சு அழுவாய், உன்ரை மனம் கொஞ்சம் ஆறும். லீவு முடியப் பாஸ்போட்டைக் காட்டிப் பிளேன் ஏறுவாய். உன்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம். நீ ஏறினாப்பிறகு அவை எங்கடை வீட்டுக்கு வருவினம். நான் கிளினிக்கிலை நிப்பன். அம்மா சந்தைக்குப் போயிருப்பா. அண்ணாதான் கதவைத் திறக்கவேணும்.

தக்சாயினி